கொளத்தூரில் ஒரு மீன் கடை: மீனை விட்டுவிட்டு வலையைப் பார்த்தேன்

இந்த விமர்சனத்தில் கடையின் பெயர் இருக்காது. எழுதப்போகிறேன் என்றதும் கடைக்கார அண்ணனே, "பேரு மட்டும் போட்றாதீங்க தம்பி, ஞாயித்துக்கிழம கும்பல் வந்துச்சுன்னா பசங்க வலைய மாத்திப் போட்டுருவானுங்க" என்று கேட்டுக்கொண்டார். கூட்டம் வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொளத்தூரில் மீன் வாங்கிப் பழகியவர்கள் இரண்டு மூன்று சந்து நடந்தால் தானாகவே கண்டுபிடித்துவிடுவீர்கள், வெளியூர்க்காரர்களுக்கு உங்கள் ஊர்க் கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காவது இது உதவட்டும்.

கொளத்தூர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வடசென்னையில் வில்லிவாக்கத்தை ஒட்டிய ஊர், மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் சிமெண்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்த குடும்பங்களால் பெயர் வாங்கிய இடம். மொத்த வியாபாரமும் சில்லறையும் ஒரே தெருவில் நடக்கும். என் வீடு அயனாவரம், வண்டியை எடுத்தால் சீக்கிரம் போய்விடலாம், அதனாலேயே தேவையில்லாமல் நிறைய தடவை போயிருக்கிறேன், தேவையில்லாமல் நிறைய வாங்கியும் இருக்கிறேன்.

போன நவம்பரில் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது. நல்ல மழை வாரம். வேறொரு கடை, பெரிய கடை, பளபளவென்று விளக்கு, சுவர் முழுக்கத் தொட்டி, எல்லாத் தொட்டியின் தண்ணீரும் கீழே ஒரே பெரிய ஃபில்டருக்குப் போய் மேலே திரும்பி வரும் அமைப்பு. அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன், எவ்வளவு சுத்தம் என்று. கறுப்பு மாலி 6 வாங்கினேன். கறுப்பு வெல்வெட் துணி மாதிரி, ஒரு புள்ளி கிடையாது. வீட்டுக்கு வந்து கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கால் மணி நேரம் கழித்து, படித்தவன் மாதிரி நிதானமாகக் கட்டை அவிழ்த்து, மீனையும் தண்ணீரையும் சேர்த்து மொத்தமாகக் கவிழ்த்தேன். மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 140 லிட்டர், உள்ளே நாலு வருஷமாக என்னோடு இருந்த பேர்ல் கௌராமி ஜோடி, செர்ரி பார்ப் கூட்டம், கோரிடோராஸ் 6.

நாலாவது நாள் மாலியின் முதுகில் யாரோ ரவை தூவின மாதிரி இருந்தது. ஐந்தாவது நாள் கௌராமியின் செதிலில். ஆறாவது நாள் எல்லா மீனும் கல்லில் உரசிக்கொண்டிருந்தன. ஒயிட் ஸ்பாட், வெள்ளைப் புள்ளி நோய். பத்து நாளில் 20 மீன் போய்விட்டது. மிஞ்சியது ஆண் கௌராமி ஒன்றே ஒன்று. என் பெண் ஒவ்வொரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அப்பா, இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பாள், எனக்கு பதில் சொல்லவே பிடிக்காது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இந்த நோயைக் கொண்டுவருவது இக்தியோப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, சுருக்கமாக இக் என்பார்கள். நம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுத்த பிறகுள்ள உருவம். அதற்கு முன்னால் அது இருப்பதே தெரியாது, பல சமயம் முதலில் செவுளில்தான் ஏறுகிறது, செவுளை நாம் பார்ப்பதும் இல்லை. கொழுத்தது மீனை விட்டு உதிர்ந்து, தரையிலோ செடியிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, மேலே ஒரு கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிந்து, குஞ்சுகளாக வெளியே நீந்தி வரும். அந்தக் குஞ்சுகளுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், கிடைக்காவிட்டால் செத்துவிடும். இது 25 டிகிரி தண்ணீரில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிற சுற்று, தண்ணீர் குளிர்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். ஆக, நான் வாங்கின அன்று மாலி சுத்தமாக இருந்தது என்பதற்கு அர்த்தமே கிடையாது. அந்தக் கடையில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் சுற்றி வந்தது, ஒரு தொட்டியில் குஞ்சு நீந்தினால் நாற்பது தொட்டிக்கும் அது போய்ச் சேரும். நான் வாயைப் பிளந்த அதே அமைப்புதான். பெரிய பண்ணைகளில் இந்த மாதிரி ஒரே தண்ணீர் சுற்றினால் வழியில் புற ஊதா விளக்கு, மணல் ஃபில்டர் எல்லாம் வைத்திருப்பார்கள். அங்கே கீழே எட்டிப் பார்த்தபோது பஞ்சும் செங்கல் துண்டும்தான் கண்ணில் பட்டது.

இதில் நான் செய்த இரண்டாவது கூத்து மருந்து. அதே கடையில் போய் அழுதேன், கல்லாவில் இருந்த பையன் நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்து, "மூடில அளந்து ஊத்துங்க சார், நாலு நாள்ல சரியாயிரும்" என்றான். மெத்திலீன் ப்ளூ. மருந்தைக் குறை சொல்லவில்லை, முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும், தனி டப்பில் வைத்துச் சிகிச்சை செய்யவும் காலம் காலமாகப் பயன்படுவதுதான். ஆனால் அதை ஓடுகிற பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது அடிக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று நம் தொட்டியை வாழவைப்பதே அந்த பாக்டீரியாதான். அது போனதும் அம்மோனியா ஏறியது, ஏற்கனவே செவுள் புண்ணாகி மூச்சுத் திணறிய மீனுக்கு மேலும் ஒரு அடி. அந்த 20 மீனில் நோயில் செத்தது எத்தனை, என் வைத்தியத்தில் செத்தது எத்தனை என்று இன்றுவரை எனக்குக் கணக்குத் தெரியாது. தொட்டி மூலையில் சிலிக்கான் பசை இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, பெரும்பாலான மருந்து மீனின் தோலுக்கு அடியில் இருப்பதையோ கூட்டுக்குள் இருப்பதையோ தொடாது, தண்ணீரில் நீந்தும் குஞ்சைத்தான் கொல்லும். அதனால்தான் புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். புள்ளி மறைந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று நாம் கொண்டாடுகிற நாளில் அது கூண்டோடு இறங்கித் தரையில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

சரி, இப்போது இந்தக் கடை.

பொங்கல் கழித்து ஒரு வியாழக்கிழமை போனேன், அலுவலகத்தில் ஒருவர் ஃபைட்டர் மீன் வளர்ப்பவர், அவர் வழி காட்டினார். ஒற்றை ஷட்டர், உள்ளே நீளமாகப் போகும் இடம், மூன்றடுக்கு இரும்பு ரேக்கில் தொட்டிகள், வெளிச்சம் சுமார், பார்த்தால் மீன் கடை என்றே தோன்றாது, குடோன் மாதிரி இருக்கும். முதலில் என் கண்ணில் பட்டது மீன் இல்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு வலை. நாற்பது தொட்டிக்கு நாற்பது வலை. பெரும்பாலான கடைகளில் ஒரே வலைதான் எல்லாத் தொட்டிக்குள்ளும் போய் வரும், ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் பச்சை நிற மருந்துத் தண்ணீர் இருக்கும், அதில் வலையை முக்குவார்கள், முக்கிவிட்டால் எல்லாம் ஆச்சு என்று நினைப்பு. அந்தப் பக்கெட்டில் மருந்து எப்போது போட்டது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஈர வலையில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், ஒரு தொட்டியின் நோயை அடுத்ததற்குக் கொண்டுபோக.

கடைசியில், சுவரோரமாக, தனியாக ஒரு ரேக். அதில் சிவப்புக் கைப்பிடி வலைகள். புதிதாக வந்த லோடும் உடம்பு சரியில்லாததும் அங்கேதான். காலையில் தீனி போடுவது, அழுக்கு உறிஞ்சுவது எல்லாம் முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் கடைசியில்தான் அந்த ரேக்குக்குப் போவாராம், அங்கே கை வைத்தபிறகு சோப்பு போட்டுக் கழுவாமல் முன்னால் வருவதில்லை. வலைகளை ராத்திரி பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போடுகிறார். ஆன்டி குளோரின் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட், போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்னார்களே அதேதான், குளோரினைத் தீர்த்துக்கட்டிவிடும். "பிளீச்சிங்க விட வெயில்தான் தம்பி பெரிய மருந்து" என்றார். இக் விஷயத்தில் அது உண்மை, அந்த ஒட்டுண்ணி முழுக்கக் காய்ந்தால் பிழைக்காது. இரண்டு வலை வைத்துக்கொண்டு ஒன்று காயும்போது ஒன்று என்று மாற்றினாலே நம் வீட்டுக்குப் பாதிப் பிரச்சினை தீரும், வலை என்ன விலை, ஐம்பது ரூபாய்.

தொட்டிக் கண்ணாடியில் மார்க்கரால் தேதி எழுதியிருந்தது. லோடு வந்த தேதி. 14 நாள் ஆகாத தொட்டியிலிருந்து மீன் கொடுக்க மாட்டார். எனக்கு அது தெரியாமல், அழகாக ஒரு கூட்டம் நியான் டெட்ராவைப் பார்த்து, இதில் பத்து போடுங்க அண்ணே என்றேன். "வர்ற வியாழக்கெழம வாங்க." நான் விடவில்லை, இவ்வளவு தூரம் வந்திருக்கேனே என்றேன், அயனாவரத்திலிருந்து. அவர் சிரித்துவிட்டு, "மீனு அதவிட தூரத்துலருந்து வந்திருக்கு தம்பி" என்றார். பண்ணையிலிருந்து பிடித்து, பட்டினி போட்டு, கவரில் அடைத்து, லாரியிலோ விமானத்திலோ ஏற்றி, வேறு தண்ணீரில் விட்டால் மீனின் எதிர்ப்பு சக்தி விழுந்துவிடும், அதுவரை சும்மா இருந்த கிருமி அப்போதுதான் தலை தூக்கும். அந்த இரண்டு வாரத்தில் சாகிறது எல்லாம் அவர் கணக்கில் சாகிறது. நாம் வழக்கமாகப் போகும் கடையில் அது நம் தொட்டியில், நம் கணக்கில் சாகிறது. விலை ஏன் கூட என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கறுப்பு மாலி ஜோடி மற்ற இடத்தில் 30 ரூபாய் என்றால் இங்கே 50. நான் நவம்பரில் தொலைத்ததைக் கணக்குப் போட்டால் ஜோடி 200 என்றாலும் எனக்கு லாபம்.

நியான் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. நியான் டெட்ரா நோய் என்றே ஒன்று இருக்கிறது, பளீரென்ற நீலக்கோடு ஒரு இடத்தில் மட்டும் வெளுத்துப் போகும், முதுகு கோணும், நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்று தசைக்குள் போய் உட்காருவதால் வருவது, மருந்து கிடையாது. செத்த மீனை மற்ற மீன்கள் கொத்தித் தின்னும்போதுதான் அது முக்கியமாகப் பரவுகிறது. அதனால் அந்த வரிசைத் தொட்டிகளைக் காலையும் மாலையும் எண்ணிப் பார்க்கிறார், ஒன்று குறைந்தால் செடிக்கு அடியில் தேடி எடுக்கிறார். நான் என் வீட்டில் மீன் குறைந்தால், எங்கேயாவது ஒளிந்திருக்கும், வரும் என்று இரண்டு நாள் விட்டுவிடுகிற ஆள்.

செடிகளும் உண்டு, மீன் இல்லாத தனி டப்பில். இதை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. உதிர்ந்த ஒட்டுண்ணி செடியிலும் ஒட்டிக் கூடு கட்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, மீன் தொட்டியிலிருந்து பிடுங்கின வாலிஸ்னேரியா ஒரு கட்டு போதும் நம் வீட்டுக்கு நோய் வர. மீன் இல்லாத தண்ணீரில் சில நாள் கிடந்தாலே, குஞ்சு வெளியே வந்து மீன் கிடைக்காமல் செத்துவிடும்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, குறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் வந்த இடம் இரண்டு இருக்கிறது.

வாசலிலேயே ஒரு தட்டில் சிவப்புப் புழு, உயிரோடு, சொட்டுத் தண்ணீர் ஓடவிட்டு வைத்திருக்கிறார். டியூபிஃபெக்ஸ். அது எங்கே வளர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், சாக்கடைச் சேற்றில், அழுகல் எங்கே அதிகமோ அங்கே கொழுத்து வளரும். நாற்பது வலை வைத்திருக்கிற மனுஷன் இதை விற்கலாமா? கேட்டேன். "மூணு நாள் ஓடுற தண்ணில வெச்சிதான் குடுக்குறேன், நான் விக்கலன்னா எதிர்க்கடையில வாங்குவாங்க" என்றார். வெளியே ஒட்டின சேறு போகும், புழுவின் வயிற்றுக்குள் இருப்பது போகுமா? குஞ்சுக்குத் தீனி வேண்டுமென்றால் ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலின் முட்டை வாங்கி உப்புத் தண்ணீரில் பொரிக்கவைத்துக் கொடுக்கலாம், ஒரு நாளில் பொரிந்துவிடும், வேலைதான் கொஞ்சம். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை, இதற்கு அரை நட்சத்திரம் குறைத்துவிட்டேன்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை. ஒரு தடவை வேண்டுமென்றே ஞாயிறு காலை போய் ஓரமாக நின்று பார்த்தேன். அண்ணன் கல்லாவில், பசங்க இரண்டு பேர் மீன் பிடித்துக் கொடுக்கிறார்கள், கூட்டம். அதில் ஒரு பையன் கப்பித் தொட்டி வலையால் பக்கத்துத் தொட்டியில் பிளாட்டி பிடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அவருக்கும் தெரியும், அதனால்தான் கும்பல் வேண்டாம் என்கிறார். ஆனால் வாங்குகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால், வியாழக்கிழமை இருக்கிற ஒழுங்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வாங்கினவன் வீட்டு மீன் என்ன பாவம் செய்தது? வார நாளில் போங்கள், அதுவும் காலையில்.

கடையில் 14 நாள் வைத்திருக்கிறாரே, நேராகத் தொட்டியில் விடலாமா என்று நானும் கேட்டேன். கூடாது என்று அவரே சொன்னார். மறுபடி பிடித்து, மறுபடி கவரில் போட்டு, மறுபடி வேறு தண்ணீர். வீட்டிலும் குறைந்தது மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும், முடிந்தால் நாலு. அதற்கு அவர் தலையில் கட்டியது என்ன என்று பார்த்தால், 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பைப் பாத்திரக்கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடையிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சின்ன ஏர் பம்ப்பும் மட்டும். தனிமைத் தொட்டிக்கு மணல் வேண்டாம், கல் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். அதுவே நல்லது, தரையில் என்ன கிடக்கிறது என்று தெரியும், துடைக்கச் சுலபம். ஸ்பாஞ்சை நேராக டப்பில் போடாமல் முதலில் பெரிய தொட்டியில் மூன்று வாரம் ஓடவிடச் சொன்னார், நல்ல பாக்டீரியா குடியேற. இது தெரியாமல் நிறைய பேர் புது டப், புது ஃபில்டர், புது மீன் என்று வைத்துவிட்டு, அம்மோனியாவில் மீன் செத்ததும், தனியாக வைத்ததால்தான் செத்தது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். டப்பின் இடமும் முக்கியம், பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். ஏர் ஸ்டோன் குமிழி உடைந்து தெறிக்கும் துளி கொஞ்ச தூரம் போகும். என் வீட்டில் டப் இப்போது பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இதைப் பற்றி என் மனைவியிடம் தனி விமர்சனம் இருக்கிறது, அதை இங்கே எழுத முடியாது.

கவரைத் திறந்து மீனை வலையில் பிடித்து டப்பில் விட்டுவிட்டு, கவர் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டச் சொல்வார். நான் நவம்பரில் கவிழ்த்தேனே, அந்தத் தண்ணீர்.

பிப்ரவரியில் மாலி 6 வாங்கி டப்பில் விட்டேன். பதினோராவது நாள் ஒன்றின் வாயைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு. எனக்கு நவம்பர் ஞாபகம் வந்து கை நடுங்கியது. பூஞ்சைதானே, ஹீட்டரை ஏற்றலாம் என்று இருந்தவன், நல்லவேளை, முதலில் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார், "ஹீட்டர தொடாதீங்க." அது பூஞ்சை மாதிரி தெரியும், ஆனால் பாக்டீரியா, காலம்னாரிஸ் என்று பெயர், சூடு ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். வெள்ளைப் புள்ளிக்கு 30 டிகிரிக்கு ஏற்றுவது ஒரு வழி, இதற்கு அதே வேலையைச் செய்தால் ஒரே நாளில் டப் காலி. மருந்துக்கடை டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துக் கொட்டலாமா என்று கேட்டேன், பலர் செய்வதுதான். திட்டினார். அளவு தெரியாமல், என்ன கிருமி என்றும் தெரியாமல் ஆன்டிபயாடிக் கொட்டிக் கொட்டித்தான் இன்று பல மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகியிருக்கிறது, கூடவே ஃபில்டரும் பாழ். அந்த ஒன்றை மட்டும் தனியாக ஒரு பக்கெட்டில், மாலி உப்பு தாங்கும் என்பதால் கொஞ்சம் கல்லுப்பு, தினமும் தண்ணீர் மாற்றம். இரண்டாம் நாள் அது செத்துவிட்டது. மற்ற ஐந்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரிய தொட்டியில் என் கௌராமிக்குப் பக்கத்துத் தெருவில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அந்தச் செத்த மாலிக்குப் பதில் மீன் கேட்டேன், கொடுக்கவில்லை. "பதினோரு நாள் உங்க தண்ணில இருந்துச்சு தம்பி" என்றார். நியாயமா என்று இன்னும் யோசிக்கிறேன். 25 ரூபாய் விஷயம் இல்லை, ஒரு வார்த்தைக்குக் கேட்டது.

இன்னொரு திட்டு, இது எல்லோருக்கும் பொதுவானது. தண்ணீர் மாற்றும்போது குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். தன் உறவுக்காரர் கை முட்டியைப் பற்றிச் சொன்னார், தொட்டி கழுவும்போது பட்ட சின்னக் கீறல், வாரக்கணக்கில் ஆறாமல் சிவப்பாக முடிச்சு முடிச்சாக ஏறியதாம். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி, காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன், மீனுக்கும் வரும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் தோல் வழியாக நமக்கும் வரும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். டாக்டரிடம் மீன் வளர்க்கிறேன் என்று நாமாகச் சொன்னால்தான் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும். மீன் மெலிந்துகொண்டே போய், முதுகு வளைந்து, மாதத்துக்கு ஒன்றாகக் காரணமில்லாமல் சாகிறது என்றால் அந்தத் தொட்டியில் வெறுங்கையை விடாதீர்கள். நான் இப்போது குழாய்க்கு நடுவில் பிசைகிற பல்பு வைத்தது ஒன்று வாங்கிவிட்டேன்.

புற ஊதா விளக்கு பற்றியும் கேட்பீர்கள், ஏனென்றால் நோய் வந்த எல்லோரும் அடுத்து வாங்குவது அதுதான், நானும் டிசம்பரில் வாங்கினேன், இந்தக் கடையில் இல்லை. அதை ஊடுருவிப் போகிற தண்ணீரில் மிதக்கும் கிருமியை, தண்ணீர் மெதுவாகப் போனால், அது கொல்லும். பாசியால் பச்சையாகிப் போன தண்ணீருக்கு அருமையான பொருள். மீன் மேல் இருப்பதையும் தரையில் கூடு கட்டியதையும் ஒன்றும் செய்யாது, வலையில் வருவதையும் தடுக்காது. பல்பு ஒரு வருஷம் எரிந்தபிறகு நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், வேலை செய்யும் கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். இந்தக் கடை அண்ணனும் அதை அலமாரியில் வைத்திருக்கிறார், கேட்டால் காட்டுவார், ஆனால் "மொதல்ல டப் வாங்குங்க" என்பார். என் பணத்தை வீணாக்கிய பிறகு இதைக் கேட்க வயிறு எரிந்தது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. வண்டி நிறுத்த இடம் கிடையாது, முக்கிலேயே விட்டுவிட்டு நடங்கள். ஜிபே உண்டு. ஆக்சிஜன் அடித்து, மேலே செய்தித்தாள் சுற்றி இருட்டாக்கிக் கொடுப்பார், மீன் பதறாது. நாட்டு வாதாம் இலை காயவைத்துக் கட்டாக வைத்திருக்கிறார், ஃபைட்டர் வளர்ப்பவர்களுக்கு. இலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லா நோய்க்கும் அதையே மருந்தாக அவர் சொல்வதில்லை, அது எனக்குப் பிடித்தது. பெரிய மீன் கேட்டால் எத்தனை அடித் தொட்டி என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவார், சக்கர் மீனை விற்பதையே நிறுத்திவிட்டார், பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று. தமிழ்நாட்டில் எத்தனை ஏரியில் அது பெருகிக் கிடக்கிறது என்று வலை வீசுகிறவர்களைக் கேட்டால் தெரியும். கூடவே நம் தொட்டி நோயும் ஏரிக்குப் போகிறது என்பதை நான் யோசித்ததே இல்லை. பெண்களும் பிள்ளைகளும் போனால் பொறுமையாகப் பேசுகிறார், என் பெண்ணிடம் வலை ஏன் நாற்பது என்று என்னிடம் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார்.

ஐந்துக்கு மூன்றரை. புழுவுக்கு அரை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று குறைத்தேன். மாலி விஷயத்துக்குக் குறைக்கவில்லை, யோசித்து முடித்ததும் மாற்றலாம்.

நேற்று கோரிடோராஸ் வாங்கப் போனேன், கண்ணாடியில் தேதி பார்த்தால் வந்து ஒன்பது நாள். நான் வாயைத் திறக்கவே இல்லை, என் பெண்தான் விரல் விட்டு எண்ணி, "அடுத்த செவ்வாய்க்கிழமை வரோம் அங்கிள்" என்றாள். ஸ்பாஞ்ச் பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது, டப்பைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன்.